வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கட்டினோம்

"வண்ணார்பேட்டைக்குப் போகிறேன்" என்று சென்னைக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். "மெட்ரோவிலேயே போயிடலாமே!" என்பார்கள். அது வண்ணாரப்பேட்டை. நான் சொல்வது எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டை. எழுத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான், தூரத்தில் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். எங்கள் அக்காவுக்கு வர வேண்டிய பார்சல் ஒன்று ஒரு தடவை அங்கே போய் ஒரு வாரம் விருந்தாடிவிட்டு வந்திருக்கிறது.

அக்கா வீட்டுக்கு நான் வருஷத்தில் நாலு தடவையாவது போய்விடுவேன். கல்லிடைக்குறிச்சியில் ரயில் ஏறினால் சேரன்மகாதேவி, பேட்டை, டவுண் என்று ஒவ்வொன்றாக வரும். ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்தால் தாமிரபரணிக்குக் குறுக்கே சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்தவர், கையை விட்டுப் பணம் போட்டுக் கட்டிக் கொடுத்த பாலம் அது. 1843-இல் திறந்தது. இப்போது பக்கத்திலேயே இன்னொரு பாலமும் வந்துவிட்டது. பாலம் தாண்டினால் வலப்பக்கம் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ், அறிவியல் மையம். நேரே போனால் வண்ணார்பேட்டை ரவுண்டானா. ஓட்டல், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்று எந்நேரமும் திருவிழாக் கூட்டம். ஆனால் மேம்பாலத்து இரைச்சலை விட்டு ஆற்றைப் பார்த்து ஒரு தெரு இறங்கினால் போதும், சத்தம் அடங்கிப் போகும். பேராச்சி அம்மன் கோயில், படித்துறை, துவைத்த துணியைக் காயப் போட்டிருக்கிற கரை. ஊர்ப் பெயரே அந்தத் தொழிலில் வந்ததுதானே!

அந்தத் தெருவில் ஒன்றில்தான் அக்கா வீடு. 2025 ஆகஸ்டில் நான் போனது உறவு கொண்டாட இல்லை, கம்ப்யூட்டர் வாங்க. வாங்க என்றுகூடச் சொல்லக்கூடாது. உறுப்பு உறுப்பாகப் பார்த்து எடுத்து, நம் தேவைக்குத் தகுந்தபடி கட்ட.

ஏன் இந்த வேலை என்றால், முதலில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18. அந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆறு கரை தாண்டி கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைத் தெருக்களுக்குள் வந்துவிட்டது. அக்காவும் அவள் மகளும் மாடி வீட்டுக்காரர் புண்ணியத்தில் மேலே ஏறித் தப்பித்தார்கள். கீழே ஹாலில் நாலடித் தண்ணீர். கட்டில், கிரைண்டர், தையல் மிஷின், அதோடு அத்தானுடைய கம்ப்யூட்டர்.

அத்தான் 2021-இல் தவறிவிட்டார். அந்தக் கம்ப்யூட்டர் அவர் 2012-இல் பார்த்துப் பார்த்துக் கட்டியது. மகளுக்கு மொட்டை போட்ட படம் முதல் தாமிரபரணி புஷ்கரத்துக்கு எல்லாரும் முங்கிக் குளித்த படம் வரை எல்லாம் அதற்குள்தான். செல்போனில் எடுத்ததைக்கூட அதில் ஏற்றிவிட்டு, போனில் அழித்துவிடுவார். "இடம் அடைக்குது" என்பார். வேறெங்கும் பிரதி கிடையாது.

வெள்ளம் வடிந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தான். அக்கா அதை வடகம் மாதிரி மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் வைத்தாள். பிறகு மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் பூட்டிவிட்டாள். ஒன்றரை வருஷம் அது அப்படியே இருந்தது.

2025-இல் அவள் மகளுக்கு சிவில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்தது. வீட்டிலிருந்தே போய் வருகிற பிள்ளை. படம் வரையணும், பெரிய திரை வேண்டும் என்றாள். லேப்டாப் வாங்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அக்காவுக்கும் தையல் கணக்கு எழுத ஒன்று வேண்டும். மேஜைக் கம்ப்யூட்டரில் ஒரு உறுப்பு போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேப்டாப்பில் பல மாடல்களில் மெமரியைக்கூடப் போர்டோடு சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அக்காவின் சீட்டுப் பணம் அறுபதாயிரம் கையில் இருந்தது. "நீ வாளா, நாலு விஷயம் தெரிஞ்சவ" என்று போன் பண்ணினாள். எனக்கென்ன தெரியும்? நான் பத்தாவதோடு நின்றவள். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அடிக்கடி படுத்துக்கொண்டதால் ஏற்பட்ட கேள்வி ஞானம்தான்.

முதலில் போன கடையில் அரை மணி நேரத்தில் முடித்துவிடப் பார்த்தார்கள். "மொத்தமா ஒரு செட் இருக்கும்மா. கேபினெட்டோடயே எஸ்.எம்.பி.எஸ். வந்திரும், விண்டோஸ் இலவசமாப் போட்டுத் தாரோம்" என்றார் அந்தத் தம்பி. இரண்டு வாக்கியத்தில் இரண்டு தப்பு.

எஸ்.எம்.பி.எஸ். என்பது கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற மற்ற உறுப்புகளுக்குப் பங்கு போடுகிற பெட்டி. வீட்டுக்கு அடுப்படி எப்படியோ அப்படி. கேபினெட்டோடு சேர்ந்து வருகிற பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், இட்லித் தட்டு கனம்கூட இருக்காது. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் கரண்ட் எத்தனை தடவை போய் வருகிறது! மலிவான பெட்டி வெடித்தால் தான் மட்டும் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். '80 பிளஸ்' என்று முத்திரை போட்ட, பெயர் தெரிந்த கம்பெனிப் பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். இந்த ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரண்டாவது விஷயம், 'இலவச' விண்டோஸ். விண்டோஸ் காசு கொடுத்து வாங்குகிற சரக்கு. கடையில் இலவசமாகப் போடுகிறார்கள் என்றால் பூட்டை உடைத்த பிரதி. உடைப்பதற்குப் போடுகிற சின்னப் புரோகிராமிலேயே வைரஸ் ஒளிந்து வரலாம். அதே கம்ப்யூட்டரில்தானே நாம் பாங்கிக் கணக்கைத் திறக்கிறோம்? அக்கா ஒரே வார்த்தையில், "திருட்டுப் பொருள் எனக்கு வேண்டாம்" என்று எழுந்துவிட்டாள்.

அடுத்த கடை சின்னது. டிப்ளமா படித்த ஒரு பெண் பிள்ளைதான் உறுப்புகளைப் பூட்டுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம். முதல் கேள்வியே, "என்ன செய்யப் போறீங்கக்கா?" என்றாள். விலை கேட்காமல் வேலை கேட்டாள் பாருங்கள், எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

அக்கா மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அதில் பெரிய இடம் கிராபிக்ஸ் கார்டுக்கு, பதினெட்டாயிரம் ரூபாய். கடைக்காரப் பெண், "முதல் ரெண்டு வருஷத்துக்கு அது வேண்டாம்மா" என்றாள். ரைசன் 5 5600ஜி என்று ஒரு பிராசஸர். ஆறு கோர். அதற்குள்ளேயே படம் காட்டுகிற பகுதியும் இருக்கிறது. வீடு, பாலம் பிளான் வரைகிற ஆட்டோகேட் வேலைக்கு அது தாங்கும். முப்பரிமாணப் படம் பெரிசாகப் போட வேண்டிய காலம் வந்தால் அப்போது கார்டு செருகிக்கொள்ளலாம். அதற்கு இடமுள்ள போர்டும், தாங்கக்கூடிய 550 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இப்போதே போட்டுவிடலாம் என்றாள். மாடி எடுக்கப் போகிறவர்கள் அஸ்திவாரத்தைக் கொஞ்சம் பலமாகப் போடுகிற மாதிரி. பிராசஸர் வாங்கும்போது ஒரு எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் பிராசஸரில் பெயர் முடிவில் 'எஃப்' என்று இருந்தால் அதற்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. விலை குறைகிறதே என்று வாங்கிவிட்டு, திரையில் ஒன்றும் வரவில்லை என்று திகைக்கிறவர்கள் உண்டாம்.

மெமரி 16 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு குச்சி. இரண்டு கையால் மாவு அள்ளுகிற மாதிரி வேகம். உள்ளே படம் காட்டும் பகுதி இருக்கிற பிராசஸருக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அது மெமரியையும் பங்கு போட்டுக்கொள்ளும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சூயிங்கம் அளவில் ஒரு தகடு, சுற்றுகிற பாகமே கிடையாது. பழைய கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு காப்பி கலக்கி எடுத்து வருவோமே, அந்தக் கதை இதில் இல்லை.

திரை 22 அங்குலம், கீபோர்டு, மவுஸ், சின்ன யு.பி.எஸ். எல்லாம் சேர்த்து கார்டு இல்லாமல் 41,700 ரூபாய் வந்தது. (இது ஆகஸ்ட் விலை. 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறிவிட்டது. உலகம் பூரா செயற்கை அறிவுக்குக் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகிறார்களாம்! இப்போது வாங்குகிறவர்கள் அன்றன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள்.)

பில் போடுகிற நேரத்தில் அக்கா பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள்.

அந்தப் பெண் வாங்கிப் பார்த்தாள். அடியில் இருக்கிற பச்சைத் தகட்டில் துரு. "இதை எங்கயாச்சும் மாட்டிப் பார்த்தீங்களா?" என்றாள். இல்லை என்றோம். "நல்ல வேளை" என்றாள். டிஸ்க்கில் காற்றுக்காக ஊசித் துளை ஒன்று இருக்கிறதாம். அதன் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். உள்ளே தட்டு சுழலும்போது அதைப் படிக்கிற முள், தூசியைவிடச் சின்ன இடைவெளியில் மிதக்கும். சேறு காய்ந்த தட்டைச் சுழல விட்டால் கீறிவிடும், அதோடு எல்லாம் போச்சு. வெயிலில் வைத்ததும் தப்பாம். அரிசி டப்பாவில் புதைப்பதும் தப்பு. நனைந்த டிஸ்க்கை ஈரத்தோடேயே காற்றுப் புகாத பையில் போட்டு, சீக்கிரம் தெரிந்தவர்களிடம் கொடுக்க வேண்டுமாம்.

"என்னால முடியாதுக்கா. சென்னையில தூசி இல்லாத அறை வச்சுப் பிரிச்சுப் பார்க்கிறவங்க இருக்காங்க" என்று போன் போட்டு விசாரித்தாள். படங்கள் கிடைத்தால் பதினெட்டாயிரம். கிடைக்காவிட்டால் பார்க்கிற கூலி மட்டும். எவ்வளவு கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டார்கள்.

பதினெட்டாயிரம். கிராபிக்ஸ் கார்டு விலை.

கடையில் யாரும் பேசவில்லை. எனக்கு மகள் பக்கம் பார்க்கவே தயக்கமாக இருந்தது. கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் எல்லாம் கார்டு இருக்கிறது, தனக்கும் வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். அக்காவும் வாய் திறந்து கேட்கவில்லை. துணியை மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். மகள்தான் கை நீட்டி வாங்கி, "இதை அனுப்பிருங்கக்கா, கார்டு மூணாம் வருஷம் பார்த்துக்கிடலாம்" என்றாள். சொல்லிவிட்டு வெளியே போய் ரவுண்டானாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கும் தொண்டை அடைத்தது. பக்கத்து ஓட்டலில் மூன்று பேரும் ரவா தோசை சாப்பிட்டோம். அக்கா சாப்பிடவே இல்லை, பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் பூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். நீங்களும் கட்டாயம் உட்கார்ந்து பாருங்கள். சீல் பிரிப்பது நம் கண் முன்னால் நடக்க வேண்டும், ஒவ்வொரு பெட்டியையும் கியாரண்டிக் காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வகைப் பிராசஸரின் அடியில் ஆயிரத்துக்கு மேல் ஊசிக் கால்கள். அமுக்கவே கூடாது, முக்கோணக் குறி பார்த்து வைத்தால் தானாக உட்காரும். அந்தப் பிள்ளை அதை வைத்த பதனம், கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி இருந்தது.

இனி விண்டோஸா, வேறா என்ற கேள்வி. அறுபதாயிரத்தில் மீதி முந்நூறு ரூபாய்தான். "லினக்ஸ் போடுங்க" என்று நான்தான் சொன்னேன்.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்து, உலகம் பூரா ஆட்கள் கூடி வளர்த்தது. காசு கிடையாது, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், திருட்டு இல்லை. நம் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் இருப்பதும் அதுதான். சென்னை சிடாக் நிறுவனம் 2007-இல் 'பாஸ்' என்று ஒரு லினக்ஸ் வெளியிட்டது. நம் அரசின் எல்காட் நிறுவனத்தில் சி. உமாசங்கர் தலைமை வகித்தபோது அங்கே மேஜைக்கு மேஜை லினக்ஸ் ஏறியது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வருஷக் கணக்காக இதில்தான் படிக்கிறார்கள். 2014-இல் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யை மைக்ரோசாஃப்ட் கைவிட்டபோது, அரசு ஆபீஸ்களுக்கு பாஸ் போடச் சொல்லி நம் மாநிலத்தில் உத்தரவே வந்தது.

அதே கூத்துத்தான் 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் நடந்தது. வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நின்றன. விண்டோஸ் 11 போடலாம் என்றால் பழைய கம்ப்யூட்டர்களை அது ஏற்காது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 2015 வருஷத்தது. காயலான் கடைக்குப் போட மனசில்லாமல் லினக்ஸ் மின்ட் போட்டோம். பார்ப்பதற்கு விண்டோஸ் மாதிரியே இருக்கும், கடிதம், கணக்கு எழுத லிப்ரே ஆபீஸ் கூடவே வரும், தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். குறையும் சொல்கிறேன். எங்கள் பழைய ஸ்கேனர் அதோடு இன்னமும் பேசமாட்டேன் என்கிறது.

அக்கா மகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஆட்டோகேட் லினக்ஸில் ஓடாது. மாணவர்களுக்கு அதை இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் விண்டோஸ் வேண்டும். அதனால் எஸ்.எஸ்.டி.யில் பாதியைக் காலியாக விட்டு, மறு பாதியில் மின்ட் போடச் சொன்னோம். தீபாவளிக்குப் பாப்பாவுக்கு நான் எடுக்கிற சுடிதாரை நிறுத்திவிட்டு விண்டோஸ் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு கிராம் தங்கம் விற்ற விலையைவிடக் குறைவுதான். போட்ட கையோடு கம்ப்யூட்டர் நேரே விண்டோஸுக்குப் போய்விட்டது, மின்ட்டைக் காணோம்! அக்கா, "ஏளா, என் கணக்கெல்லாம் போச்சா?" என்று போனில் அலறினாள். போகவில்லை. விண்டோஸ் தன்னை முதல் வரிசையில் நிறுத்திக்கொள்ளும், அவ்வளவுதான். தொடக்க வரிசையை மாற்றினால் இரண்டும் வந்தன. இரண்டும் வேண்டுமென்றால் விண்டோஸை முதலில் போட்டுவிட்டு லினக்ஸை அப்புறம் போடுங்கள், இந்த அலறல் மிச்சம்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதில் இன்னொரு விவாதம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும், முழங்கை மேஜையில் படிய வேண்டும், ஜன்னல் வெளிச்சம் திரைக்கு நேராக அடிக்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபதடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பார்த்தால் கண்ணுக்கு நல்லது. பாப்பாவுக்கு எதிரே இருப்பது படித்துறை வேப்பமரம், கொடுத்து வைத்தவள். ஆனால் ஹால் சுவரில் வெள்ளத் தண்ணீர் நின்ற கறை இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் மங்கலாகத் தெரிகிறது. அக்கா அந்தக் கறைக்கு மேலே ஐந்தடி உயரத்தில் சிமென்ட் பலகை பதித்து, பெட்டியை அதில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம். திரை கீழே, பெட்டி மேலே. கடையில் கொடுத்த வயர் எட்டவில்லை. மூன்று மீட்டர் வயர் தனியாக வாங்கினோம்.

"எதுக்கும்மா இவ்வளவு உசரம்?" என்றாள் மகள்.

"குறுக்குத்துறை முருகனே வெள்ளம் வந்தா மேலக்கோயிலுக்குப் போயிருதாரு. கம்ப்யூட்டர் போகக் கூடாதாக்கும்?" என்றாள் அக்கா.

சென்னையிலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. மூவாயிரத்துச் சொச்சம் படங்களில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் திறந்தன. சிலது பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். வீடியோ ஒன்றும் தேறவில்லை. அத்தான் குரல் இல்லை. புஷ்கரத்துப் படம் இருந்தது, ஈர வேட்டியோடு அத்தான், பின்னால் ஜடாயு படித்துறை. அக்கா அன்று முழுக்க மின்ட்டில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இருபது நிமிஷக் கணக்கெல்லாம் அவளிடம் நடக்கவில்லை.

நவம்பரில் மறுபடி போயிருந்தேன். புறப்படும்போது அக்கா அதே மஞ்சள் துணியில் ஒன்றைச் சுற்றிக் கொண்டுவந்தாள். வெளியே வைத்துக்கொள்கிற சின்ன டிஸ்க், எல்லாப் படத்துக்கும் பிரதி. கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"92 வெள்ளத்துல உங்க தெருவுக்குத் தண்ணி வந்துதா?"

"வரலைக்கா."

"23-ல?"

"வரலை."

அதற்கப்புறம்தான் என் பையில் வைத்தாள்.